முள்ளந்தண்டு முறிந்தவரைத் தூக்குவது எப்படி?

ஆலங்குடாப் பக்கத்தில் தென்னை நமக்குச் சோறு போடும் மரம். அதே மரத்திலிருந்து ஒருவர் தவறி விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? சத்தம் கேட்டு ஓடி வருகிறோம். ஒருவர் தோளையும் மற்றவர் காலையும் பிடித்துத் தூக்குகிறோம். உட்கார வைத்துத் தண்ணீர் பருக்குகிறோம். பிறகு முச்சக்கர வண்டியின் பின் ஆசனத்தில் மடித்து இருத்திக்கொண்டு வைத்தியசாலைக்குப் பறக்கிறோம்.

எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் அறியாமையோடு சேர்ந்த அந்தப் பத்து நிமிட அன்பு, ஒருவரை ஆயுள் முழுவதும் நடக்க முடியாதவராக்கிவிடக்கூடும்.

எலும்பு பொருந்தும், முண்ணாண் பொருந்தாது

முள்ளந்தண்டு ஒரே எலும்பல்ல. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன சில எலும்புகள் என அடுக்கி வைத்த தொடர் அது. அதன் நடுத் துவாரத்தில் சுண்டுவிரல் பருமனில் முண்ணாண் இறங்குகிறது. கை கால் அசைவதும், தொடுகை தெரிவதும், மலசலம் அடக்குவதும் இந்த வழியாக வந்து போகும் செய்திகளால்தான்.

எலும்பு முறிந்தால் இரத்தம் உறைந்து, மென்மையான இழையம் வளர்ந்து, சில மாதங்களில் அது மீண்டும் எலும்பாக இறுகும். முண்ணாணுக்கு அந்த வரம் இல்லை. அறுந்தால் அது தானாகப் பொருந்துவதில்லை.

உயரத்திலிருந்து குதிக்காலிலோ பிட்டத்திலோ விழுபவருக்கு, நெஞ்சும் இடுப்பும் சந்திக்கும் இடத்து எலும்பே பெரும்பாலும் நொறுங்குகிறது. நொறுங்கிய துண்டு முண்ணாணைச் சிதைக்காமல் பக்கத்தில் நின்றிருக்கலாம். நாம் அவரை மடித்துத் தூக்கும்போது அதே துண்டு உள்ளே குத்திவிடலாம்.

சத்திரசிகிச்சையால் ஆவதும் ஆகாததும்

முள்ளந்தண்டு முறிந்து கை கால் உணர்விழந்தவரைப் பற்றி, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எகிப்தியச் சுவடி ஒன்று, இது மருத்துவம் செய்ய முடியாத நோய் என்று கைவிட்டது. இன்று சத்திரசிகிச்சை நிபுணர் முண்ணாணை அழுத்தும் எலும்புத் துண்டை அகற்றுகிறார். ஆட்டங்கண்ட எலும்புகளை உலோகத் திருகாணிகளாலும் கம்பிகளாலும் இறுக்கி நிறுத்துகிறார். இதனால் நோயாளி மாதக்கணக்கில் மல்லாந்து கிடக்காமல் சீக்கிரமே எழுந்து உட்காரலாம். கழுத்துப் பகுதி முண்ணாண் காயங்களைப் பற்றி வட அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, 24 மணித்தியாலங்களுக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்று காட்டியது. எனவே நேரமும் மருந்துதான்.

ஆனால் அறுந்த முண்ணாணைத் தைத்துப் பழையபடி ஆக்கும் சத்திரசிகிச்சை இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. அப்படி ஆக்கித் தருவேன் என்று எவராவது பணம் கேட்டால், தாலியை அடகு வைக்கும் முன் யோசியுங்கள். கை முறிவுக்கு முறிவு தறிவு வைத்தியரிடம் போய்ப் பழகியிருக்கலாம். முள்ளந்தண்டை நீவி நிமிர்த்த மட்டும் இடங்கொடுக்க வேண்டாம்.

சத்திரசிகிச்சைக்குப் பின்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் முண்ணாண் காயப்பட்டோரில் மிகப் பலர் சீக்கிரமே இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான். நாசிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்குச் சென்ற யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் இதை மாற்றத் தொடங்கினார். நோயாளரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார். தொழில் பழக்கினார், விளையாட வைத்தார். 1948இல் அங்கே 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் விதை அதுவே.

நமக்கு அண்மையில் இன்னொரு சாட்சி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் வைத்தியர் மேரி வர்கீஸ், 1954இல் வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். வைத்தியர் போல் பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பலன். அவர் 1986இல் காலமானார்.

நம் நாட்டில் ராகமயிலுள்ள அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை இத்தகையோரைப் பராமரித்துப் பழக்குகிறது. ஆனால் அங்கிருந்து வீடு திரும்பிய பின், மிச்ச ஆயுள் நம் கிராமத்தில்தான்.

நாம் செய்யக்கூடியவை

1. விழுந்தவரை உடனே தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். தலையையும் கழுத்தையும் ஒருவர் அசையாமல் பிடித்திருக்கட்டும்.

2. 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

3. வேறு வழியே இல்லையென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு, கால் எல்லாம் ஒரே கோட்டில் இருக்க, மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒன்றாகப் பலகையில் ஏற்றுங்கள். கழற்றிய கதவும் போதும். உடலைப் பலகையோடு கட்டி, படுத்தபடியே கொண்டு செல்லுங்கள்.

4. குடிக்கவோ உண்ணவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

5. வீடு திரும்பியவரை இரவிலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தாயோ மனைவியோ தனியே இதைச் செய்து ஓய்ந்துபோகிறார்கள். அன்பியக் குடும்பங்கள் முறை வைத்துக் கை கொடுக்கலாம். தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிறுநீர்க் குழாயைத் தொடும் முன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

6. வாசற்படியோடு ஒரு சரிவுப் பாதை அமையுங்கள். உட்கார்ந்தபடி வலை பொத்தலாம், கடை நடத்தலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு சுமந்து வருகிறார்கள். கூட்டம் வழிவிடாதபோது கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு கண்டது அந்த நால்வரின் நம்பிக்கையையும்தான். அவர்கள் அவரைப் படுத்தபடியே சுமந்தார்கள், வழியில்லாத இடத்தில் வழி செய்தார்கள். நம்முடைய கோவில் வாசலிலும் படிகள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவர் அவற்றை எப்படிக் கடப்பார் என்று இந்த ஞாயிறு பூசை முடிந்து இறங்கும்போது பாருங்கள்.