அந்தச் சுண்ணாம்பு எங்கயிருந்து வந்தது?

இந்த வார எபிசோட்டில் கார்பன் டையொக்சைட்டைக் கல்லாக்குவது பற்றிக் கதைத்தோம். ஒரு விசயத்தை மட்டும் சொல்லாமல் விட்டிட்டன். அதில் என்ர பிழையும் இருக்கு, அதனால் எழுதியே சொல்லுறன்.

போன வருசம் ரொறன்ரோவில் ஒரு சின்னக் கொன்ட்ராக்ட் கிடைத்தது. கொங்கிரீட் கல் செய்யிற ஆக்களுக்கு ஒரு டாஷ்போர்ட். எவ்வளவு சீஓடூ மிச்சம் என்று பெரிய பச்சை எழுத்தில் ஒரே ஒரு எண் காட்ட வேணும். கோட் லேசு. பின்னால் இருக்கிற கெமிஸ்ட்ரிதான் வேலை வைத்தது.

ஸ்கூலில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணிக்குள் ஸ்ட்ரோ வைத்து ஊதியிருப்பீங்கள். தண்ணி பால் மாதிரி மாறும். மூச்சில் இருக்கிற சீஓடூ கல்சியத்தோடு சேர்ந்து கல்சியம் கார்பனேட் ஆகுது, அதாவது சுண்ணாம்புக்கல். அடிப்படை இவ்வளவுதான்.

அந்தக் கல்சியம் உருக்கு ஆலைக் கழிவில் நிறைய இருக்கு. ஹமில்ரனில் செய்வது போல உருக்குச் செய்யும்போது, அழுக்கைப் பிரிக்கச் சுண்ணாம்பு போடுவார்கள். அது அழுக்கையும் சேர்த்துக்கொண்டு கசடாக மேலே மிதக்கும். அதுதான் ஸ்லாக். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த கார்பிகிரீட் நிறுவனம், சீமெந்துக்குப் பதிலாக இந்த ஸ்லாக்கைப் போட்டுக் கல் வார்த்து, சீஓடூ நிரப்பிய அறைக்குள் வைக்கும் முறையை உருவாக்கியது. ஏறத்தாழ 24 மணித்தியாலத்தில் கல் இறுகிவிடும். உள்ளே போன சீஓடூவை வெளியே எடுக்க அமிலம் வேணும், இல்லாவிட்டால் ஏறக்குறைய 900 பாகை வெப்பம் வேணும்.

என்ர டாஷ்போர்ட்டை அப்பாவுக்குப் பெருமையாகக் காட்டினேன். அவர் எண்பதுகளில் காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தால் நின்றுபோன ஆலை அது. பச்சை எண்ணைப் பார்த்திட்டு, "தம்பி, கசடுக்குள்ள இருக்கிற சுண்ணாம்பு எங்கயிருந்து வந்தது?" என்றார்.

"உருக்கு ஆலையிலயிருந்து."

"அதுக்கு முதல்?"

எனக்கு வாய் அடைத்துப்போச்சு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால்தான் சுண்ணாம்பு வரும். 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ சீஓடூ காற்றில் போகும். சூளை எரிபொருளின் புகை வேற. ஸ்லாக் குடிக்கிறது, முன்பு போன அந்த 44 கிலோவில் ஒரு பங்கைத்தான். பழைய கடனை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டுறம். கட்டத்தான் வேணும், ஆனால் அதை வருமானம் என்று எழுத ஏலாது.

பெரிய லாபம் வேற இடத்தில் இருக்கு. உலகத்தின் சீஓடூவில் 7 முதல் 8 வீதம் சீமெந்தால் வருது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் அல்ல, கல்லிலிருந்தே வருது. ஸ்லாக் போட்டால் அந்தளவு சீமெந்து தேவையில்லை. நான் கல்லுக்குள் போனதையும் சீமெந்து தவிர்த்ததையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாக்கியிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கு. லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட்டில் நடந்திருப்பீங்கள். ஒன்ராறியோ ஏரிக்குள் 5 கிலோமீற்றர் நீளும் அந்த நிலம், பெரும்பாலும் இடித்த கட்டடங்களின் கொங்கிரீட்டும் செங்கல்லும்தான். அந்தக் கொங்கிரீட்டும் யாரும் சொல்லாமலே மெல்ல மெல்ல சீஓடூவை இழுத்துக்கொண்டிருக்கு. 1930 முதல் 2013 வரை சீமெந்துக்காகச் சுட்ட கல்லிலிருந்து வந்த சீஓடூவில் சுமார் 43 வீதத்தைக் கொங்கிரீட்டும் சாந்தும் தாங்களாகவே திரும்ப எடுத்துவிட்டன என்று 2016இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. வெளியே கிடக்கிற ஸ்லாக்கும் அப்படித்தான், மெதுவாக. சும்மா விட்டாலும் நடக்கப்போறதைக் கழித்திட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேணும்.

நான் எண்ணை இரண்டாகப் பிரித்தேன்: "கல்லுக்குள் போனது", "வெளியே வராமல் தடுத்தது". முதலாவது எண் நல்லாச் சுருங்கிப்போச்சு. ஏன் குறைஞ்சது என்று கிளையன்ட் கேட்டார்கள். நீண்ட ஒரு கோலில் அப்பாவின் கேள்வியையே அவர்களிடம் கேட்டேன். இரண்டு எண்ணும் இப்போ பக்கத்தில் பக்கத்தில் நிற்குது. கொன்ட்ராக்ட் நீளுமோ தெரியாது.

உங்கட வீட்டிலும் காங்கேசன்துறையில் வேலை செய்த ஆக்கள் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் வாசிப்பம்.