அணங்கு: அச்சமும் காதலும்

2005இல் வெளிவந்த ஸ்டெஃபனி மேயரின் 'டுவைலைட்' புதினத்தில், பதினேழு வயதுப் பெண்ணொருத்தி இரத்தக்காட்டேரி இளைஞன்மீது காதல் கொள்கிறாள். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அதனைப் படிக்கும் மாணவர், இவ்வகைக் கதை தமிழுக்குப் புதிது என எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதை ஒரு சொல்லின் வழியே காண்போம்.

சங்க இலக்கியத்தில் 'அணங்கு' என்பது வருத்தும் தெய்வத்தையும், அது தரும் வருத்தத்தையும், கண்டாரை வருத்தும் அழகியையும் குறிக்கும். அச்சம் பிறக்கும் நான்கு களங்களுள் தொல்காப்பியம் முதலில் வைப்பது அணங்கையே. திருக்குறளில் காமத்துப்பாலின் முதல் அதிகாரமோ 'தகையணங்குறுத்தல்'. அச்சத்திற்கும் காதலுக்கும் சொல் ஒன்றே.

குறிஞ்சித்திணையின் வெறியாட்டு இதற்குச் சான்று. தலைவி காதலால் மெலிகிறாள். தாயோ முருகு அணங்கியது எனக் கருதி வேலனை அழைக்கிறாள். உண்மை தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும், தாய்க்குத் தெரியாது. மறைபொருள் எப்போது வெளிப்படும் என்னும் பதைப்பு அங்கேயே பிறக்கிறது.

நம் அண்டையிலும் இத்தகைய கதை உண்டு. மலாய் மரபில் பொந்தியானாக், மகப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி. பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய மனைவியாவாள். ஆணி கழன்றால் பழைய உருக்கொள்வாள். 1957இல் 'பொந்தியானாக்' என்னும் மலாய்த் திரைப்படத்தை இயக்கியவர், இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ்.

'அமானுஷ்யம்' என்னும் வடசொல் மனிதத் தன்மையன்று என விலக்கிக் கூறும். 'அணங்கு' உணர்வையே பெயராக்கும். இச்சொல்லைத் தேர்வு விடையாக மட்டும் கற்பித்தால் அது அகராதியிலேயே தங்கிவிடும். மாணவர் எழுதும் கதைக்குள் அதனைக் கொண்டு சேர்ப்பது ஆசிரியர் கையில் உள்ளது.