பூச்சாடியில் வாடாத சம்பங்கி: தோட்டத்திலேயே தொடங்கும் பக்குவம்

சம்பங்கி பயிரிடும் சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் பூவை உதிரியாகப் பறித்து, எடை போட்டு விற்கின்றனர். முகூர்த்த நாட்களிலும் பண்டிகைகளுக்கு முந்தைய நாட்களிலும் நல்ல விலை கிடைக்கிறது. ஆனால் திருமணங்கள் நடைபெறாத ஆடி மாதம் போன்ற காலங்களில் வரத்து மிகுந்தால் விலை சரிந்துவிடுகிறது. சில நாட்களில் பறிகூலிக்கே கட்டுப்படியாவதில்லை. பறித்த பூவை மறுநாள் வரை வைத்திருக்கவும் முடியாது.

இத்தகைய நாட்களில் பூவைப் பறிக்காமல் தண்டோடு வெட்டிக் கொய்மலராக விற்பது ஒரு நல்ல வழியாகும். நகரங்களில் பூச்சாடியில் மலர் வைக்கும் பழக்கம் வீடுகளிலும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் உண்டு. நாலைந்து சம்பங்கித் தண்டுகள் இருந்தாலே ஓர் அறை முழுவதும் மணக்கும். மாலையிலும் இரவிலும் இதன் மணம் மிகும் என்பதால், வேலை முடிந்து வீடு திரும்புவோர் இதனை விரும்பி வாங்குகின்றனர்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வாங்கிய தண்டு இரண்டே நாளில் தலை சாய்ந்துவிட்டால் அந்த வீட்டார் மறுமுறை வாங்கமாட்டார்கள். பக்குவமாகக் கையாண்ட தண்டு ஒரு வாரம் வரை அடுத்தடுத்து மலர்ந்துகொண்டே இருக்கும். இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி தோட்டத்தில், வெட்டிய முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

தண்டு வாடுவது ஏன்?

செடியிலிருந்து பிரித்த பின்னரும் பூந்தண்டு உயிருடன்தான் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, நீரை ஆவியாக வெளிவிடுகிறது. வேரிலிருந்து வந்துகொண்டிருந்த நீர் நின்றுபோவதால், வெட்டுவாய் வழியாகவே அது நீரை உறிஞ்ச வேண்டியுள்ளது.

தண்டினுள் நீர் ஏறும் குழாய்கள் மயிரிழையைப் போல மெல்லியவை. வெட்டிய தண்டை வெயிலில் உலரப் போட்டால் இக்குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு நீரில் வைத்தாலும் மேலே ஏறுவதில்லை. அழுக்கு வாளியிலும் கலங்கிய நீரிலும் வைத்தால் பாக்டீரியா பெருகி, வெட்டுவாயில் வழவழப்பான படலம் உண்டாகி, அதே குழாய்களை அடைத்துவிடுகிறது. சாடியில் நீர் நிறைய இருந்தும் பூ வாடுவதற்கு இதுவே காரணம்.

மற்றொன்று, உணவு. மேலே உள்ள மொட்டுகள் விரிவதற்குச் சர்க்கரைச் சத்து தேவை. செடியில் இருந்தவரை இலையும் கிழங்கும் அதனை அளித்தன. வெட்டிய பின் தண்டில் சேமித்துள்ள இருப்பைக் கொண்டே மொட்டுகள் மலர வேண்டும். வெப்பம் மிகுந்தால் சுவாசம் வேகமாகி, இருப்பு விரைவில் தீர்ந்துவிடும். எனவேதான் நிழலும் குளிர்ச்சியும் முக்கியமாகின்றன.

எந்த இரகம்?

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட சம்பங்கியில் ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு என இருவகை உண்டு. ஒற்றை அடுக்குப் பூ மாலை தொடுக்கவும், வாசனைப் பொருள் எடுக்கவும் ஏற்றது. இரட்டை அடுக்கு கொய்மலருக்கு உகந்தது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வால் ஒற்றை அடுக்கு இரகமாக இருப்பினும், உதிரிப் பூவுக்கும் கொய்மலருக்கும் பயன்படும். அதே நிறுவனத்தின் சுவாசினி, வைபவ் ஆகியவை இரட்டை அடுக்கு இரகங்கள். சந்தை நிலவரத்தைப் பார்த்து இரு வழியிலும் விற்க விரும்பும் சிறு விவசாயிகளுக்குப் பிரஜ்வால் பொருத்தமானது.

வெட்டும் முறை

வெட்டுவதற்கு முதல் நாள் நிலத்தில் போதிய ஈரம் இருக்குமாறு நீர் பாய்ச்ச வேண்டும். அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்த பின்னரோதான் வெட்ட வேண்டும். நண்பகலில் வெட்டும் தண்டு ஏற்கெனவே நீரிழந்து தளர்ந்திருக்கும்.

தண்டின் அடியிலுள்ள முதல் ஒன்று அல்லது இரண்டு இணைப் பூக்கள் விரிந்திருப்பதே சரியான பருவம். முழுதும் மொட்டாக உள்ளபோது வெட்டினால் பல மொட்டுகள் விரியாமலே காய்ந்துவிடும். பாதி மலர்ந்த பின் வெட்டினால் வாங்குவோர் வீட்டில் மலர்வதற்கு அதிகம் மிஞ்சாது; வழியிலும் பூ நசுங்கும்.

கூரிய கத்தியால், தரையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் வெட்ட வேண்டும். கையால் ஒடித்தாலும், மழுங்கிய கத்தியால் அறுத்தாலும் குழாய்கள் நசுங்கிவிடும். இலைகளை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். கிழங்கு பருத்து அடுத்த தண்டு வருவது அவ்விலைகளால்தான்.

வாளியே முதல் மருந்து

வெட்டுபவருடன் நீர் நிறைந்த வாளியும் வயலுக்குள் செல்ல வேண்டும். வெட்டிய தண்டைக் கீழே போடாமல் உடனே வாளியில் நிறுத்த வேண்டும். இதற்குப் பிளாஸ்டிக் வாளி ஏற்றது. அதனை முதல் நாளே பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, நல்ல நீரில் அலசி வைக்க வேண்டும். குடிக்கத் தக்க நீரே பூவுக்கும் ஏற்ற நீர்.

பின்னர் நிழலான, காற்று அடிக்காத இடத்தில் மூன்று, நான்கு மணி நேரம் நீரிலேயே நிறுத்தி வைத்தால் தண்டு வேண்டிய நீரை உறிஞ்சி விறைப்படையும். அதன் பின் நீளம் வாரியாகப் பிரித்து, வளைந்தவற்றையும் பூச்சி தாக்கியவற்றையும் கழித்து, கட்டாகக் கட்டி, செய்தித்தாளில் சுற்ற வேண்டும். பூக்களின் மேல் நீர்த்துளிகள் இருந்தால் உதறிவிட வேண்டும். ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் பூசணம் பிடிக்கும். கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், கூடியவரை நிறுத்தி வைத்தே கொண்டு செல்ல வேண்டும்.

வெட்டுவதா, பறிப்பதா?

தண்டை வெட்டிவிட்டால் அத்தண்டிலிருந்து உதிரிப் பூ கிடைக்காது. ஆகவே கணக்குப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு தண்டில் 40 பூக்கள், ஒரு பூ ஒன்றரை கிராம் என்று வைத்துக்கொண்டால், அத்தண்டு மொத்தம் 60 கிராம் உதிரிப் பூ தரும். கிலோ 50 ரூபாய்க்கு விற்றால் தண்டின் மதிப்பு 3 ரூபாய். அதிலும் பறிகூலி கழியும். அன்று தண்டுக்கு 3 ரூபாய்க்கு மேல் கிடைத்தால் வெட்டுவது இலாபம். கிலோ 200 ரூபாய் விற்கும் முகூர்த்த நாளில் அதே தண்டு 12 ரூபாய் பெறும். அன்று பறிப்பதே நல்லது.

இக்கணக்கை அவரவர் தோட்டத்துக்கு ஏற்பச் செய்துகொள்ள, பத்துத் தண்டுகளில் அடையாளம் கட்டி, அவற்றின் பூவைக் கடைசி வரை தனியே பறித்து எடை போட்டுப் பார்க்கலாம். மேலும், வாங்குவதற்குப் பூக்கடைக்காரரையோ விடுதியையோ முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாமல் தண்டை வெட்டக் கூடாது. முதலில் நாலைந்து வரிசையில் தொடங்குவது போதுமானது.

வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியவை

பூச்சாடியில் பூ நீடிப்பதற்கு வாங்குவோரின் பராமரிப்பும் வேண்டும். கீழ்க்காணும் குறிப்புகளைச் சிறு துண்டுத்தாளில் அச்சிட்டுக் கட்டோடு வைத்துக் கொடுத்தால், அத்தோட்டத்துப் பூவுக்குத் தனிப் பெயர் கிடைக்கும்.

1. அடியில் இரண்டொரு பூ மட்டும் விரிந்து, நுனி பசுமையாகவும் வெட்டுவாய் வழவழப்பின்றியும் உள்ள தண்டையே வாங்கவும்.

2. வீடு சேர்ந்ததும் தண்டின் அடியை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு விரற்கடை அளவு சாய்வாக வெட்டிவிடவும். அடைத்த பகுதி நீங்கும். சாய்வாக இருப்பதால் வெட்டுவாய் சாடியின் அடியில் ஒட்டி மூடிக்கொள்ளாது.

3. நீரில் மூழ்கும் இலைகளை அகற்றவும். அவை அழுகினால் நீர் கெடும்.

4. ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் சர்க்கரையும், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் கலக்கவும். சர்க்கரை மொட்டுகளுக்கு உணவாகும். ஆனால் பாக்டீரியாவுக்கும் அதுவே உணவு என்பதால் சாறு சேர்ப்பதும், நாள்தோறும் சாடியைக் கழுவிப் புதுக் கரைசல் ஊற்றுவதும் அவசியம். இயலாதவர்கள் சர்க்கரையை விட்டுவிட்டு, தினமும் நீரை மட்டும் மாற்றினால் போதும்.

5. வெயில் படும் சன்னலோரத்திலும், மின்விசிறிக்கு நேரேயும் வைக்க வேண்டாம். பழக்கூடையின் அருகிலும் வேண்டாம். பழுக்கும் வாழை, மாம்பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு, சாடியில் உடன் வைத்த கார்னேஷன் போன்ற மலர்களை விரைவில் வாடச் செய்யும்.

6. வாடிய அடிப் பூக்களை அன்றன்றே கிள்ளிவிடவும்.

இவற்றின் பயனை விவசாயிகள் தம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் வெட்டிய இரு தண்டுகளில் ஒன்றை உடனே தூய நீரில் வைக்கவும். மற்றொன்றை இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு நீரில் வைக்கவும். இரண்டையும் அருகருகே வைத்து, நாள்தோறும் எத்தனை மொட்டுகள் விரிகின்றன என்று எண்ணி வந்தால் வேறுபாடு விளங்கும். வயலுக்கு வாளி கொண்டு செல்வதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. அச்சிறு உழைப்பே வாடிக்கையாளரை அடுத்த வாரமும் திரும்ப வரச் செய்யும்.