சுவர் சொல்லும் சேதி

பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கினால் பிள்ளையைத் தினமும் ஓடவிடுகிறோம். கால் களைத்திருப்பதை அது வாய்விட்டுச் சொல்லாது, சுவர் சொல்லும்.

விரல் நுனியில் சுண்ணக்கட்டித் தூள் தடவி, சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஓர் அடையாளம். நின்ற இடத்திலேயே எம்பிக் குதித்து இன்னோர் அடையாளம். இடைவெளியே தாவும் உயரம். அமெரிக்கர் டட்லி சார்ஜண்ட் 1921இல் எழுதிவைத்த சோதனை இது. ஓட்டக்காரர் புறப்படும்போது தரையை உதைக்கும் கால் வலிமையை இது காட்டும்.

வாரம் இருமுறை, உடலைச் சூடாக்கியபின், ஓடுமுன் மூன்று முறை குதிக்கவிட்டுச் சிறந்ததைக் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். அதன் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். வழக்கமாக 40 சென்டிமீட்டர் தாவும் பிள்ளை அடுத்தடுத்து 36க்கு இறங்கினால், ஓட்டத்தை நிறுத்தி, உறக்கமும் வயிறார உணவும் கொடுங்கள். களைத்த காலை விரட்டினால் தசை பிடித்துக்கொள்ளும். போட்டியன்று பிள்ளை திடலோரம் உட்கார்ந்திருக்க நேரும்.