உழவில் கிடைத்த காசு யாருக்குச் சொந்தம்?

1786ஆம் ஆண்டில், கடலோர நெல்லூர்ப் பக்கம் ஒரு குடியானவர் கல்லும் கரடுமான மேட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். கொழு ஒரு செங்கல் கட்டில் முட்டி நின்றது. தோண்டினால் சின்னக் கோயில் ஒன்றின் இடிபாடு, அதன் அடியில் ஒரு கலயம், கலயம் நிறைய ரோமாபுரிக் காசுகள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவருக்கோ அது வெறும் பழைய தங்கம். அந்த விலைக்கே விற்றார். வாங்கியவர்கள் பலவற்றை உருக்கிவிட்டார்கள். ஆற்காட்டு நவாபின் மகன் அமீருல் உமரா தேடிப் பிடித்ததில் முப்பதுக்குச் சற்று மேல் மட்டும் மிஞ்சின.

சித்தூர்ப் பக்கத்து நம் கங்காதர நெல்லூர் அந்த நெல்லூர் அல்ல. ஆனால் பல்லவர், சோழர், விஜயநகரத்தார், நவாபு என்று பலர் ஆண்ட மண்தான் இதுவும். கரும்புக் கொல்லையில் கிணறு வெட்டும்போதோ, மாங்கன்றுக்குக் குழி எடுக்கும்போதோ நம்மில் ஒருவருக்கு ஒரு சொம்பு கிடைத்தால் என்ன செய்வோம்? ‘லங்கெ பிந்தெ’, அதாவது புதையல் குடம், கிடைத்துவிட்டது என்று ஊர் பேசுவதற்குள் நகைக்கடைக்கு ஓடுவோம். கவர்ன்மென்ட்டுக்குத் தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம். இந்தப் பயம் தவறு. சட்டத்தை ஒரு முறை படித்தவருக்கு அது தெரியும்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால், கண்டெடுத்தவர் கூடிய சீக்கிரம் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, ஏறக்குறைய எவ்வளவு பெறும், எந்த இடம், எந்த நாள். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாக ஜாமீன் கொடுக்க வேண்டும். பிறகு கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருபவர்கள் வருவதற்கு நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் ஒரு நாள் குறிக்கப்படும்.

யாரும் உரிமையை நிரூபிக்காமல், அது உடையவர் இல்லாத புதையல் என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. இருவருக்குள் வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினாலும் சும்மா எடுக்க முடியாது: உலோகத்தின் மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூலிக்கு மண்வெட்டி பிடித்தவருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சட்டம் முதலில் பேசுவது கண்டெடுத்தவரைப் பற்றித்தான். கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவில் கண்டெடுத்தவராக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தெலுங்கில் எழுதினாலும் சரி, ஒரு நகல் எடுத்து, அதில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். காசுகளைக் கழுவாமல், புளி போட்டுத் தேய்க்காமல், கிடந்த இடத்தோடு போட்டோ எடுங்கள்.

மறைத்தால்? கிடைக்க வேண்டிய பங்கு அரசுக்குப் போகும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உடந்தையாக இருக்கும் நிலத்துக்காரரையும் சட்டம் விடாது. இவ்வளவும் தற்செயலாகக் கிடைத்ததற்குத்தான். ராத்திரியில் பாழ்மண்டபத்தைத் தோண்டுவது வேறு கதை. பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால், சேதப்படுத்தியதற்கே இரண்டாண்டு வரை சிறைக்குப் போக நேரும்.

இன்னொரு கண்ணி, வெளிநாட்டுச் சொந்தம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்து போகும்போது தாத்தாவின் பழங்காசுகளை ஆசையாகக் கேட்பார்கள். நூறு ஆண்டுக்குக் குறையாத காசு, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே எடுத்துப் போவது குற்றம். தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாது, மூன்றாண்டு வரை போகலாம். கொரியரில் அனுப்பினாலும் அதேதான். காசின் வயதில் சந்தேகம் இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கம், அமெரிக்காவிலும் ஒரு வேலி உண்டு. சே குவேரா உருவம் பொறித்த கியூபாவின் 3 பெசோ காசு, சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுவது. இந்தியாவில் கியூபா மீது தடை இல்லை, இங்கே வைத்திருக்கலாம். ஆனால் அமெரிக்கா 1963 ஜூலையில் கொண்டுவந்த விதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கியூபாவில் செய்த பொருள் மூன்றாவது நாட்டின் வழியே போனாலும் அங்கே தடைதான். சுருட்டும் ரம்மும் கொஞ்ச காலம் பயணிகளுக்கு அனுமதிக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் மறுபடி நிறுத்தப்பட்டன. ஆகவே அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்குக் கியூபா காசைப் பரிசாக அனுப்பும் முன், அந்த நாட்டுச் சட்டம் தெரிந்தவரை அவர் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பீரோவில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை ஞாபகத்துக்காக வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மொத்தம் 10 நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது வரை அபராதம்.

கடைசியாக, இப்போது அதிகம் பேரை அழவைக்கிற விஷயம். வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் காசுக்கும் டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் தருவதாகச் செல்போனில் விளம்பரம் வரும். போன் போட்டால் பதிவுக் கட்டணம், பிறகு ஜிஎஸ்டி, பிறகு கமிஷன். நம்பவைக்க ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது: பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குப் பங்கில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதில்லை, தன் பெயரில் வாங்க யாருக்கும் அனுமதி தரவுமில்லை என்று. விற்கிறவன் ஏன் முதலில் பணம் கட்ட வேண்டும்? இந்தக் கேள்வியை வீட்டில் வயதானவர்களிடமும் படிக்கிற பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

பணம் போய்விட்டதா, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு, எதிராளி எடுக்கும் முன் கணக்கிலேயே பணத்தை நிறுத்த வழி இருக்கிறது. பணம் போன நேரம், பரிவர்த்தனை எண், அவன் பேசிய செல் நம்பர், அனுப்பிய கடிதம் எதையும் அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.