இருபதாயிரம் சதுர மீட்டருக்குக் கீழே

ஊர்க் கலையரங்கத்தைப் புதுப்பிக்கும்போது சுற்றுச்சூழல் பற்றி ஒரு கேள்வியும் எழுவதில்லை. சட்டம் கேட்கச் சொல்லவில்லை. ஊர் கேட்கலாமே?

சேலத்திலிருந்து ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி என்று மேற்கே போனாலும் சரி, ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் என்று தெற்கே இறங்கினாலும் சரி, வழியெங்கும் கலையரங்கங்கள் கண்ணில் படும். மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும். இல்லையென்றால் அரசுப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் இருக்கும். நாலடி உயர மேடை, மூன்று பக்கம் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். நெற்றியில் எந்த நிதி, எந்த ஆண்டு, எத்தனை லட்சம் என்று பெயின்டில் எழுதியிருப்பார்கள். பகலில் அங்கே சோளம் காயும், பெரியவர்கள் தாயம் உருட்டுவார்கள். பண்டிகை வந்தால் ஆண்டு விழா, பாட்டுக் கச்சேரி, பட்டிமன்றம். கூத்து மட்டும் இன்னும் பல ஊர்களில் மண்தரையை விட்டு ஏறவில்லை. சில ஊர்களில் அதுவும் மேடைக்கு வந்துவிட்டது.

சேலமும் கலையும் என்று பேச்சு எடுத்தால் எல்லோருக்கும் நினைவு வருவது டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வண்ணத்தில் எடுத்த அந்த ஸ்டூடியோவில் இன்று ஏற்காடு சாலையோர நுழைவு வளைவுதான் மிச்சம். அந்த வளைவு யாருக்குச் சொந்தம் என்ற சர்ச்சை வந்தபோது நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. ஊர்க் கலையரங்கம் செய்தியில் வருவது இரண்டே தடவை: பூமி பூஜை அன்றும் திறப்பு விழா அன்றும். இடையில் என்ன உடைக்கிறார்கள், உடைத்ததை எங்கே கொட்டுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

ஷீட் இறங்கும் நாள்

புதுப்பிப்பு என்றால் முதல் வேலை கூரையை மாற்றுவது. இருபது, முப்பது வருஷம் வெயிலும் மழையும் தின்ற ஷீட்டை இரும்புக் குழாயோடு பிடித்திருப்பவை ஜே-போல்ட்டுகள். துருப்பிடித்த போல்ட் லேசில் கழலாது. ஆகவே மேலே ஏறியவர் சம்மட்டியால் இரண்டு போடு போடுவார். ஷீட் பிளந்து மேடையில் விழும். வெள்ளைத் தூசு எழும். கீழே நிற்பவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு துண்டுகளைக் கூடையில் அள்ளுவார். கொஞ்சம் வண்டிப்பாதைப் பள்ளத்தை நிரப்பும், கொஞ்சம் கோழிக்கூண்டுக்குக் கூரையாகும், மிச்சம் ஓடைக்குப் போகும்.

அந்தத் தூசில் கல்நார் இருக்கிறது. பழைய சிமெண்ட் ஷீட்டில் பத்து சதவீதத்தை ஒட்டிக் கல்நார் இழை கலந்திருப்பது வழக்கம். முழுசாக இருக்கும் வரை சிமெண்ட் அந்த இழையைப் பிடித்துவைத்திருக்கும். உடைத்தால், துளை போட்டால், அறுத்தால் இழை காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் முதல் பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. நோய் வெளியே தெரிய இருபதிலிருந்து நாற்பது ஆண்டு ஆகும். அதற்குள் கூரை மாற்றிய கான்ட்ராக்டரும் மாறியிருப்பார், ஒப்புதல் தந்த அதிகாரியும் மாறியிருப்பார். எனவே பழி யார் மேலும் விழாது.

இதைத் தடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஷீட்டை நன்றாக நனைத்துவிட்டு போல்ட்டை அறுத்து, உடைக்காமல் கயிறு கட்டி இறக்க வேண்டும். கனமான பாலித்தீனில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். வேலை செய்பவருக்குத் துண்டுக்குப் பதில் சரியான முகக்கவசம் வேண்டும். பள்ளி மைதானம் என்றால் விடுமுறை நாளில் செய்ய வேண்டும். இந்த நாலையும் மதிப்பீட்டில் யாராவது ஒருவர் ஒரு வரியாக எழுதியிருந்தால் போதும்.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

யாரும் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. 2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு கட்டடம் முன் அனுமதி வாங்க வேண்டியது 20,000 சதுர மீட்டரை எட்டும்போதுதான். நம் கணக்கில் சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி. முப்பதுக்கு இருபதடி மேடை என்றால் ஒரு கலையரங்கம் 600 சதுர அடி. முந்நூற்றைம்பது கலையரங்கத்தைச் சேர்த்து வைத்தாலும் சட்டத்தின் வாசற்படியைத் தொட முடியாது. நகரத்தில் ஆயிரம் பேர் உட்காரும் அரங்கமும் தொடாது.

கட்டட இடிபாடுகளுக்கான 2016-ம் ஆண்டு விதிகளும் பெரியவர்களைப் பார்த்தே எழுதப்பட்டவை. ஒரே நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் இடிபாடு வந்தால்தான் முன்கூட்டியே திட்டம் தந்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றன அவை. அந்த விதிகளுக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி மத்திய அரசு புது விதிகளை 2025-ல் அறிவித்தது. அதிலும் கட்டுபவரின் முக்கியப் பொறுப்புகள் தொடங்குவது அதே 20,000 சதுர மீட்டரில்தான். கூரை மாற்றுவது, பூசுவது போன்ற சில்லறைப் பழுதுகளைக் கட்டட விதிகளும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

600 சதுர அடி மேடைக்கு மாநில ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவரின் கட்டணத்துக்கே மேடைக்கான பணம் பத்தாது. சின்ன வேலைக்கு அனுமதி வேண்டாம் என்றது நியாயம்தான். ஆனால் அனுமதிக்கு வைத்த அளவே கேள்விக்கும் அளவாகிப்போனது. சிறியதற்கு அனுமதி தேவையில்லை என்று ஆரம்பித்து, சிறியதில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று முடித்துவிட்டோம்.

சிறியதுதான், ஆனால் எண்ணிக்கை சிறியதல்ல. சேர்வராயன் மலைச்சாரலில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. வழியில் ஒவ்வோர் ஊரும் இரண்டு டிராக்டர் இடிபாட்டை ஓடையில் தள்ளினால், மேலே கொட்டியவரின் கழிவு கீழே இருப்பவரின் வாய்க்காலை அடைக்கும்.

சின்ன ஊர் நாடக அரங்கு, பெரிய பட்டியல்

அமெரிக்காவில் தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1-ல் கையெழுத்தானது. அதன் பிறகு ஒரு சிற்றூரின் நாடக அரங்கைச் சீரமைக்கக்கூட மத்திய வீட்டுவசதித் துறையின் சமூக மேம்பாட்டு மானியம் வந்தால், வேலை தொடங்கும் முன் ஒரு பட்டியலை நிரப்பியாக வேண்டும். கட்டடம் வெள்ளம் வரும் பகுதியில் இருக்கிறதா? பழமையான கட்டடமா? பக்கத்தில் நச்சுக் கழிவு புதைந்த இடம் உண்டா? ஈயம் கலந்த பெயின்ட், கல்நார் இருக்கிறதா? பெரும்பாலான சிறு வேலைகள் ‘விரிவான ஆய்வு தேவையில்லை’ என்ற முடிவோடு கடந்துவிடும். ஆனால் கேள்வியும் பதிலும் கோப்பில் இருக்க வேண்டும். கேட்கிற குடிமகனுக்குக் காட்ட வேண்டும். பொதுக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் முன் கல்நார் இருக்கிறதா என்று சோதிப்பது அங்கே தனிச் சட்டம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் பத்து வேலைநாள் முன்னதாக அரசுக்கு அறிவிப்புத் தர வேண்டும்.

அந்த முறையிலும் கோளாறு உண்டு. கலிஃபோர்னியாவில் அதே 1970-ல் வந்த மாநிலச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் வீடு கட்ட விடாமல் வழக்குப் போட்டவர்கள் ஏராளம். கடைசியில் 2025-ல் நகருக்குள் கட்டும் குடியிருப்புகளுக்கு மாநிலமே விலக்குத் தர வேண்டியதாயிற்று. கேள்வி கூடினால் முட்டுக்கட்டை, கேள்வியே இல்லாவிட்டால் ஓடையில் இடிபாடு. நமக்கு வேண்டியது இரண்டு பக்கக் கேள்வித்தாள்.

நம் மாநிலத்திலேயே, புதுப்பிப்பதற்கு முன் யோசிக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சென்னை விக்டோரியா பொது மண்டபம். சிஷோம் வடிவமைத்து 1890 வாக்கில் முடிந்த அந்த மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களைப் போட்டது. பல வருஷம் பூட்டிக் கிடந்ததைச் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் மாநகராட்சி சீரமைத்தபோது பழைய செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஏற்ற வேலைமுறை பார்க்கப்பட்டது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும்; மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, செங்கல் உதிரத் தொடங்கும். நம் பக்கத்துப் பழைய சாவடிகளுக்கும் சத்திரங்களுக்கும் இதே நியாயம்தான். அங்கே ஒரு மூட்டை சிமெண்டைப் பூசி ‘புதுப்பித்தோம்’ என்று பலகை மாட்டுவது கட்டடத்துக்கு நாள் குறிப்பதற்குச் சமம்.

கூத்தும் டெசிபலும்

அரங்கத்தின் சூழல் என்றால் சத்தமும் அதில் சேர்ந்தது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக வருஷத்தில் மொத்தம் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்வு தரலாம்.

கூத்தோ பத்து மணிக்கு மேல்தான் களைகட்டும். கட்டியங்காரன் வந்து, வேஷங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டு, கதை சூடு பிடிக்கும்போதே ஒரு மணி ஆகிவிடும். முடிவது விடிகாலையில். மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம், எட்டுக்கட்டைக் குரல் என்று ஒலிபெருக்கி இல்லாமலே ஊரைக் கூட்டிய கலை இது. மைக்செட் வந்த பிறகு நடிகர் தொங்கும் மைக்குக்குக் கீழேயே நின்று பாட வேண்டியதாயிற்று, ஆட்டம் சுருங்கியது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் சத்தம் தொல்லையானது.

இதற்கு விடை மேடையிலேயே இருக்கிறது. பின்சுவரும் பக்கச்சுவரும் சற்றே விரிந்து பார்வையாளரை நோக்கினால் குரல் முன்னால் போகும். தகரக் கூரைக்கும் வழவழப்பான டைல்ஸ் சுவருக்கும் நடுவில் நின்று பாடினால் எதிரொலியில் சொல் கலங்கும். கலங்கியதைச் சரிசெய்யச் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஓட்டுக் கூரையும் சொரசொரப்பான பூச்சும் ஒலியைக் கொஞ்சம் உள்வாங்கும். கோபுரம் மாதிரி ஏற்றிக் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்குப் பதிலாகக் கூட்டத்தைப் பார்த்துத் தாழ வைத்த சிறு ஸ்பீக்கர்கள் போதும். டைல்ஸ் இன்னொரு வகையிலும் வினை. சலங்கை கட்டிய வெறுங்கால் சுற்றி ஆடும்போது வழுக்கும். கூத்தாடுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தரையைச் சிமெண்ட் பாலோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பார்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மலை சூழ்ந்த சேலத்தில் சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியை ஒட்டிக் காயும். தாழ்வாகப் போட்ட தகர ஷீட்டுக்கு அடியில் மத்தியானம் பள்ளிப் பிள்ளைகளால் ஒத்திகை பார்க்க முடியாது. கூரையை இரண்டடி உயர்த்தி, மேல்புறம் வெள்ளை அடித்து, இரு பக்கமும் காற்றுப் போக வழி விட்டால் மின்விசிறிச் செலவே குறையும். அதைவிடப் பெரிய குளிர்ச்சி தருவது பக்கத்தில் நிற்கும் வேம்பும் புங்கையும். மேடையை அகலப்படுத்த முதலில் கோடாலி விழுவது அவற்றின் மேல்தான். அரசு நிலத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது பல ஊராட்சிகளில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. வெட்டாமல் விட்ட மரத்தையும் அடிவரை கான்கிரீட் போட்டு மூச்சடைக்கச் செய்கிறோம். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விட வேண்டும் என்று 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

கேட்க ஓர் இடம் உண்டு

இந்தக் கேள்விகளுக்குப் புதுச் சட்டமோ புது அலுவலகமோ தேவையில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கலையரங்கப் புதுப்பிப்புக்கு மதிப்பீடு தயாராகும்போதே உதவிப் பொறியாளரை அழைத்து அங்கே கேட்கலாம்.

பழைய கூரையில் கல்நார் உண்டா? அதை உடைக்காமல் இறக்க மதிப்பீட்டில் பணம் இருக்கிறதா? இடிபாடு எந்த இடத்துக்குப் போகிறது, யார் பொறுப்பு? பழைய பெயின்டை நனைத்துச் சுரண்டுகிறார்களா, காய்ந்தபடியே சுரண்டித் தூசு கிளப்புகிறார்களா? 2017 நவம்பர் முதல் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது. வாங்கும் டப்பாவில் அது அச்சிட்டிருக்கிறதா? எந்த மரம் போகிறது? கூரைத் தண்ணீர் எந்தக் குழியில் இறங்குகிறது? வேஷம் போடுகிறவர்களுக்கும் பார்க்க வரும் பெண்களுக்கும் கழிப்பறை உண்டா, அதன் கழிவு எங்கே போகிறது? ஆடுபவர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் யாராவது கேட்டார்களா?

எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆகும். பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அதுதான் அந்த வேலையின் சுற்றுச்சூழல் ஆய்வு. உங்கள் ஊர்க் கலையரங்கத்துக்கு இந்த வருஷம் நிதி வருகிறதென்றால், திறப்பு விழா அழைப்பிதழில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அடுத்த கிராம சபைக்குப் போய் முதல் கேள்வியைக் கேளுங்கள்.