உருக்குப் பேனை உரைக்கும் பாடம்

திருக்குர்ஆனின் 68 ஆவது அத்தியாயம் 'அல்கலம்' என்னும் பெயரைத் தாங்கியது. எழுதுகோல் என்பது அதன் பொருள். எழுதுகோலுக்கு அத்துணை மதிப்பளித்த முஸ்லிம்கள் நாணற்குச்சியைச் சீவி, மையில் தோய்த்து எழுதினர். தமிழர் பனையோலையில் எழுத்தாணியால் கீறினர். ஐரோப்பியர் வாத்தின் இறகைப் பயன்படுத்தினர். இவை அனைத்தையும் பின்தள்ளி, எழுத்தைச் சாமானியனின் கைக்குக் கொண்டுவந்ததில் உருக்கினாலான பேனை முள்ளுக்குப் பெரும் பங்குண்டு. அதன் வரலாறு இங்கிலாந்தின் பேர்மிங்காம் என்னும் கைத்தொழில் நகரின் வரலாறாகும். நமது மன்னார்த் தீவுக்கும் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை உள்ளன என்றே நாம் கருதுகின்றோம்.

பேர்மிங்காமுக்கு வேண்டிய உருக்குத் தகடு ஷெபீல்ட் நகரிலிருந்தே வந்தது. எனினும் பொத்தான், கொளுவி, ஆபரணம் முதலான சிறு உலோகப் பொருட்களைச் செய்து பழகிய கைகளும், தகட்டை வெட்டும் கை அச்சுப்பொறிகளும் அங்கு ஏற்கனவே இருந்தன. அந்தப் பழைய திறனையே 1820களில் ஜோன் மிட்செலும், அவரையடுத்து ஜோசப் கிலட், ஜோசையா மேசன் ஆகியோரும் புதிய பொருளொன்றுக்குத் திருப்பினர். தகட்டை வெட்டுதல், துளையிடுதல், வளைத்தல், சூடேற்றி எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்துதல், தீட்டுதல், நுனியைப் பிளத்தல் என வேலை பல படிகளாகப் பிரிக்கப்பட்டது. விளைவாக, தொடக்கத்தில் ஷில்லிங் கணக்கில் விற்ற பேனை முள், பின்னர் 144 கொண்ட ஒரு குரோஸ் சில பென்ஸ்களுக்குக் கிடைக்குமளவு மலிந்தது. 1840 இல் பிரித்தானியாவில் ஒரு பென்னித் தபால் முறை வந்ததும் கடிதம் எழுதுவோர் பெருகினர். 1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டத்தின் பின் பாடசாலைகளும் பெருகின. 19 ஆம் நூற்றாண்டில் உலகில் பயன்பட்ட உருக்கு முட்களில் பெரும்பகுதி இந்த ஒரு நகரிலிருந்தே சென்றது.

இப்புகழின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அச்சுப்பொறிகளின் முன் அமர்ந்தவர்களிற் பெரும்பான்மையோர் பெண்களும் சிறுமியருமே. நாளொன்றுக்குப் பல்லாயிரம் முட்களை வெட்டிய அவர்கள், வேலை நேரத்தில் பேசினால்கூடத் தண்டப்பணம் செலுத்த வேண்டியிருந்தது. உலகுக்கு எழுதுகோல் வழங்கிய அப்பெண்களுள் எத்தனை பேருக்குத் தம் பெயரை எழுதத் தெரிந்திருக்கும்? மறுபுறம், சிறுவயதில் தெருவில் பலகாரம் விற்று வளர்ந்த மேசன், தாம் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு அநாதை இல்லமொன்றை நிறுவினார். 1880 இல் அவர் திறந்த விஞ்ஞானக் கல்லூரியே 1900 இல் பேர்மிங்காம் பல்கலைக்கழகமாக மலர்ந்தது.

ஊற்றுப் பேனையும், பின்னர் குமிழ்முனைப் பேனையும் வந்தபோது அத்தொழில் சரிந்தது. பேர்மிங்காமின் பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றில் 2001 முதல் பேனை அருங்காட்சியகம் இயங்கி வருகின்றது. தமிழகத்தின் சாத்தூரிலும் இதே கதைதான். இந்தியா முழுவதற்கும் நிப்புகளை அனுப்பிய அவ்வூரின் சிறு பட்டறைகள், குமிழ்முனைப் பேனையின் வரவால் நலிவுற்றன. பேர்மிங்காமில் வேறு பல கைத்தொழில்களும் இருந்தமையால் நகரம் தப்பியது. ஒரே தொழிலை நம்பிய சிற்றூர்த் தொழிலாளிக்கு அத்தகைய புகலிடம் எளிதிற் கிடைப்பதில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தாராபுரம், எருக்கலம்பிட்டி உள்ளிட்ட மன்னார்த் தீவின் ஊர்களும் வெறிச்சோடின. வீடு, வள்ளம், வலை, கால்நடை யாவும் பறிபோயின. புத்தளத்து முகாம்களுக்கு அம்மக்கள் எடுத்துச் செல்ல முடிந்தது கைத்திறனும் கல்வியும் மட்டுமே. 2009 இல் போர் முடிந்தபின் மீண்டும் குடியமர்ந்தோருக்கும் அவையே முதலாயின. போரால் அனைத்தையும் இழந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் கைத்திறனும் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்படாவிடின் அருங்காட்சியகப் பொருளாகிவிடும் என்பதே பேர்மிங்காம் தரும் எச்சரிக்கையாகும். மீனையும் பனம்பொருளையும் மூலப்பொருளாக விற்பதோடு நின்றுவிடாது, அவற்றைப் பதப்படுத்திச் சந்தைப்படுத்தும் பயிற்சி நம் இளைஞருக்குக் கிடைக்க வேண்டும். அதில் யுவதிகளுக்குச் சம இடமும், செய்யும் வேலைக்கு உரிய கூலியும் மரியாதையும் உறுதிசெய்யப்படல் அவசியம். வசதி படைத்தோர் மேசனைப் போன்று தம் செல்வத்தின் ஒரு பங்கைத் தொழிற்கல்விக்கு ஒதுக்க முன்வர வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய, தேவாலய சபைகளும் இவ்விடயத்தில் ஒன்றிணைந்து செயற்பட்டால், அதன் பயனை இரு சமூகங்களின் பிள்ளைகளும் அடைவர்.